கால் டாலர் ஓவியம்



அழைப்பிதழில் அச்சாகியிருந்த பெயரைப் பார்த்து, "இவர் யாருங்க?" என்று நம் தோழர்களே சிலர் கேட்டார்கள். "நம்ம ஆர்ட்டிஸ்ட் அண்ணன்" என்று சொன்ன பிறகுதான், "அட, அவரா!" என்றார்கள். முப்பது வருடம் நம்மோடு இருந்தவரின் பெயர் நமக்கே தெரியவில்லை. இன்றைய பேச்சை அந்த வெட்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவர். சிமெண்ட், உரம், ஜவுளிக்கடை என்று எதை எழுதினாலும் கீழ் மூலையில் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சிறியதாக எழுதிவைப்பார். ஏப்ரல் 14க்கு முந்தைய இரவு நம் சேரி முகப்புச் சுவருக்கு வெள்ளையடிப்பார். காலண்டர் படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாக்கி, விடிவதற்குள் பாபாசாகேபை அங்கே நிறுத்திவிடுவார். அந்தச் சுவரில் மட்டும் பெயர் போட மாட்டார். கேட்டால், "நம்ம வேலைக்கு எதுக்குத் தம்பி பேரு?" என்பார். அதைப் பெருந்தன்மை என்று மெச்சிக்கொண்டு, டீயும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு நாங்கள் கலைந்து போவோம்.

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, சுவர் வேலை நின்றது. அண்ணனும் போய்விட்டார். இந்த அரங்கில் வைப்பதற்காக அவருடைய ஓவியங்களைத் தேடினோம். மூன்று பழைய புகைப்படங்கள்தான் கிடைத்தன. மூன்றிலும் தலைவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுடைய தோள்களுக்குப் பின்னால் அண்ணன் வரைந்த முகம் பாதி மறைந்து கிடக்கிறது.

ஆகவேதான் இந்த ஆண்டு ஓர் ஓவியரைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தோம். அவர் அமெரிக்காவின் கறுப்பின ஓவியர் எமரி டக்ளஸ். அவர் எங்கிருந்து கற்றார், எப்படி வரைந்தார், வரைந்ததை எப்படி விற்றார் என்ற மூன்று கேள்விகளை வைத்துக்கொள்வோம். மூன்றாவது கேள்விதான் இன்று நமக்குள் சண்டையாக இருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்கு முதல் இரண்டும் வேண்டும்.

எமரி 1943இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயோடு சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தார். பதின்பருவத்தில் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அச்சுக்கூடத்தில். மையும் தாளும் எந்திரமும் அவருக்குப் பழக்கமானது அந்த இடத்தில்தான். பிறகு சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் வணிக ஓவியம் படித்தார். விளம்பரம், எழுத்துரு, பக்க வடிவமைப்பு ஆகியவைதான் பாடம். நம் அண்ணன் சிமெண்ட் சுவரில் கற்றதை அவர் வகுப்பறையில் கற்றார் என்று சொல்லலாம்.

1966 அக்டோபரில் ஓக்லாந்தில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் எமரி அதில் சேர்ந்தார். 1967 ஏப்ரல் 1 அன்று ரிச்மண்ட் பகுதியில் டென்சில் டவல் என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். காவல்துறை சொன்ன கதையைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. குடும்பத்தாரின் கேள்விகளைச் சொல்வதற்காகவே ஏப்ரல் 25 அன்று 'தி பிளாக் பாந்தர்' இதழ் பிறந்தது. முதல் இதழ் தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைலில் எடுத்த சில தாள்கள், அவ்வளவுதான். பாபி சீல் தட்டச்சுப் பொறியும் மார்க்கர் பேனாவும் வைத்துக்கொண்டு அதற்காகப் பாடுபடுவதைப் பார்த்த எமரி, தன்னிடம் உள்ள ஓவியப் பொருட்களை எடுத்து வருவதாகச் சொன்னார். அன்று தொடங்கி அந்த இதழின் முகமே அவர் கைவேலையானது. கட்சி அவருக்குக் கொடுத்த பொறுப்பின் பெயர் பண்பாட்டு அமைச்சர்.

அவர் எங்கிருந்து கற்றார்? அவருடைய பேட்டிகளில் ஒரு காலண்டர் வருகிறது. சிறுவயதில் அத்தை வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் சார்லஸ் ஒயிட் வரைந்த படங்களைப் பார்த்திருக்கிறார். சார்லஸ் ஒயிட் 1918இல் சிகாகோவில் பிறந்த கறுப்பின ஓவியர். உழைக்கும் கறுப்பின ஆண்களையும் பெண்களையும் பெரிய கைகளோடும் நிமிர்ந்த முகத்தோடும் வரைந்தவர். அருங்காட்சியகத்துக்குப் போக வழியில்லாத ஒரு சிறுவனைத் தேடி அந்த ஓவியம் காலண்டராக வீட்டுக்கு வந்திருக்கிறது. இது நமக்கு விளங்காத விஷயமா? நம்மில் எத்தனை பேர் பாபாசாகேபை முதலில் புத்தகத்தில் பார்த்தோம்? மண்சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த காலண்டரில்தானே பார்த்தோம். தேதித்தாள் தீர்ந்த பிறகும் அந்த அட்டையைக் கழற்றி எறியாத வீடுகள் நம்முடையவை.

இரண்டாவது ஊற்று கியூபா. 1966இல் ஹவானாவில் மூன்று கண்டங்களின் விடுதலை இயக்கங்கள் கூடிய மாநாட்டையொட்டி ஓஸ்பால் என்ற அமைப்பு உருவானது. அது நடத்திய 'ட்ரைகாண்டினென்டல்' இதழுக்குள் சுவரொட்டிகளை மடித்துவைத்து உலகெங்கும் அனுப்பினார்கள். பிரித்தால் சுவரில் ஒட்டலாம். அந்த அழுத்தமான நிறங்களையும் குறைந்த சொற்களையும் எமரி உள்வாங்கினார். 1968இல் கியூப ஓவியர் லாசரோ அப்ரூ, எமரியின் உருவங்களை எடுத்துத் தன் சுவரொட்டியில் வைத்தார். கடன் வாங்கியவரிடமிருந்து கடன் கொடுத்தவரே மறுபடி வாங்கிக்கொண்டார். போராடுகிறவர்களுக்கிடையே படங்கள் இப்படித்தான் நடந்தன. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி பாணி. எமரியின் படத்தைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது தடித்த கறுப்புக்கோடு. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது போலிருக்கும். உண்மையில் அது மார்க்கரும் பேனாவும் கொண்டு போட்ட கோடு. மரம் செதுக்க நேரமில்லை, இதழ் வாரந்தோறும் வந்தாக வேண்டும். ஓவியப் பொருள் கடையில் விற்கும் புள்ளியும் கோடும் அச்சிட்ட ஒட்டுத்தாள்களை வெட்டி ஒட்டி நிழல் உண்டாக்கினார். பல இதழ்களில் கறுப்போடு இன்னும் ஒரே ஒரு நிறம்தான். இரண்டுக்கு மேல் போனால் அச்சுச் செலவு தாங்காது. அச்சுக்கூடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், மலிவான அச்சில் நிறம் சற்றே விலகி விழும். கோடு தடிப்பாக இருந்தால் அந்த விலகல் தெரியாது. தூரத்தில் போகிறவர் கண்ணுக்கும் படம் எட்டும். எழுத்து வாசிக்காதவரும் செய்தியைப் புரிந்துகொள்வார். இன்று கலை விமர்சகர்கள் தனிப்பாணி என்று கொண்டாடுவதில் பாதி, கையில் காசில்லாத ஒரு பத்திரிகை கண்டுபிடித்த வழி. வறுமையை நாம் புகழவில்லை. வறுமைக்குள் ஒரு கைத்திறன் எப்படி முடிவெடுக்கிறது என்பதைத்தான் காட்டுகிறோம்.

அவர் தனியாகவும் இதைச் செய்யவில்லை. கட்சியின் முதல் பெண் உறுப்பினர்களில் ஒருவரான தாரிகா லூயிஸ் 'மத்திலாபா' என்ற பெயரிலும், கெய்ல் டிக்சன் 'அசாலி' என்ற பெயரிலும் அந்த இதழில் வரைந்தார்கள். அவர்கள் படங்களிலும் அவரவர் பெயர் இருந்தது. எமரியின் படங்களில் 'எமரி' என்ற கையொப்பம் தெளிவாக இருக்கும். இயக்க வேலைதானே, பெயர் எதற்கு என்று அந்தக் கட்சி கேட்கவில்லை.

எதை வரைந்தார்? தொடக்கத்தில் அவரைப் பிரபலமாக்கியது பன்றி. கறுப்பினத்தவரைத் துன்புறுத்தும் காவலர்களைச் சுட்ட, இரண்டு காலில் நிற்கும், சீருடை அணிந்த, ஈ மொய்க்கும் பன்றியை வரைந்தார். இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். நம்மில் பன்றி வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் உண்டு. ஊர்க்காரன் நம்மை வைவதற்கு எடுத்த சொற்களில் ஒன்று அது. நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி', மாரி செல்வராஜின் 'மாமன்னன்' ஆகிய படங்களைப் பார்த்தவர்களுக்குப் பன்றியோடு நமக்கிருக்கும் உறவு வேறு என்பது தெரியும். ஆகவே ஓக்லாந்தின் பன்றியை நாம் அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. பிறரிடம் கற்றுக்கொள்வது என்றால் அவர் உருவத்தைத் தூக்கிவந்து வைப்பதென்று பொருளில்லை. அவர் தன் மக்களின் வாழ்க்கையை எப்படிப் பார்த்தார் என்பதைக் கற்பதுதான் அது.

அந்தப் பார்வை எழுபதுகளில் இன்னும் விரிந்தது. 1969 ஜனவரியில் ஓக்லாந்தின் ஒரு தேவாலயத்தில் கட்சி பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு கொடுக்கத் தொடங்கியது. எமரியின் படங்களில் துப்பாக்கிகளோடு மளிகைப் பைகளும் வரத் தொடங்கின. எலி ஓடும் வாடகை வீட்டில் நிற்கும் தாய், உணவுப் பையோடு சிரிக்கும் முதிய பெண் என்று வரைந்தார். 1971இல் கண்ணாடி அணிந்த ஒரு சிறுவனை வரைந்தார். அந்தக் கண்ணாடிக்குள் காலை உணவு சாப்பிடும் பிள்ளைகளின் புகைப்படங்களை ஒட்டினார். பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் தன் மக்களை அவர் காட்டவில்லை. அவருடைய படத்தில் துணிமணி பழையதாக இருக்கும், முகம் தாழ்ந்திருக்காது. இரக்கம் கேட்காத ஏழையை வரைவது கடினம். எமரி அதைச் செய்தார்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். வரைந்ததை எப்படி விற்றார்?

'தி பிளாக் பாந்தர்' ஓர் இதழின் விலை 25 செண்ட். அதாவது கால் டாலர். 1970 வாக்கில் வாரத்துக்கு ஒரு லட்சம் பிரதிகளுக்கும் மேல் போனது. பின் அட்டை முழுவதும் பல நேரம் எமரியின் சுவரொட்டியாகவே இருக்கும். வாங்கியவர் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். தெருவில் கூவி விற்றவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் அவர்களுக்குப் பத்து செண்ட் கிடைத்தது. பத்துப் பிரதி விற்றால் ஒரு டாலர், அன்றைய சாப்பாட்டுக்கு ஆகும். எமரி 1969இல் வரைந்த ஒரு புகழ்பெற்ற படமே கையில் இதழைத் தூக்கிப் பிடித்துக் கூவும் ஒரு சிறுவனின் படம்தான். படத்தில் இருந்தவரும் அதை விற்றவரும் அதை வாங்கியவரும் ஒரே தெருக்காரர்கள். தோழர்களே, இந்தப் பேச்சில் நீங்கள் ஒரு வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போவதானால், அந்த வாக்கியத்தை எடுத்துப்போங்கள்.

1980இல் இதழ் நின்றது. எமரி சான் பிரான்சிஸ்கோவின் 'சன் ரிப்போர்ட்டர்' என்ற கறுப்பினப் பத்திரிகையில் வேலை பார்த்தார். அருங்காட்சியகங்கள் அவரைக் கண்டுகொள்ள இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2007இல் அவருடைய படங்கள் பெரிய நூலாக வந்தன. லாஸ் ஏஞ்சல்ஸிலும், 2009இல் நியூயார்க்கிலும் கண்காட்சிகள் நடந்தன. 2015இல் அமெரிக்க வடிவமைப்பாளர் அமைப்பான ஏஐஜிஏ பதக்கம் கொடுத்தது. கால் டாலருக்கு விற்ற தாள் இன்று ஏலத்தில் நல்ல விலைக்குப் போகிறது. இணையத்தில் அவர் படத்தைச் சட்டமிட்ட பிரதியாகவும் பனியனாகவும் வாங்கலாம். அவற்றில் அனுமதி பெற்றவையும் உண்டு, திருடியவையும் உண்டு. அவருடைய உரிமையை நியூயார்க்கின் ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைட்ஸ் சொசைட்டி கவனிக்கிறது.

இங்கே நம் கதைக்குத் திரும்புகிறோம். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் தோழர்களும் தலித் பாந்தர்ஸைத் தொடங்கியபோது, ஓக்லாந்திலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் மதுரை வழியாக நம் ஊர்களுக்கும் வந்தது. அந்தக் கட்சி தன் ஓவியரை நடத்திய முறையையும் நாம் எடுத்துக்கொண்டோமா?

சில ஆண்டுகளுக்கு முன் இந்த மன்றம் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். அண்ணல் பிறந்தநாள் ஃப்ளெக்ஸுக்குப் படம் தேடியபோது, நம் பகுதித் தங்கை ஒருவர் கணினியில் வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த படம் கண்ணில் பட்டது. பேனாவோடு சாய்ந்து உட்கார்ந்து படிக்கும் பாபாசாகேப். பக்கத்தில் தரையில் ஒரு சிறுமி படித்துக்கொண்டிருக்கிறாள். எடுத்துப் போட்டோம். மூலையில் இருந்த கையொப்பம் எங்கள் பொறுப்பாளர் படத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் வெட்டிவிட்டோம். அவர் போன் செய்தார். "அண்ணே, பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். சந்தோஷமா இருந்துச்சு. என் பேரு மட்டும் காணோமே?" என்றார். நாங்கள் சொன்ன பதில் இன்றும் எங்கள் காதில் கேட்கிறது: "இயக்கத்துக்குத்தானே தங்கச்சி!"

அவர் மறுபேச்சு பேசவில்லை. பிறகு அதே படத்தை நல்ல தாளில் அச்சிட்டு இணையத்தில் விற்கத் தொடங்கினார். உடனே எங்களுக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. "அம்பேத்கரை வித்துச் சம்பாதிக்கிறாங்க." இதை யார் சொன்னது? கையொப்பத்தை வெட்டிய நாங்கள்தான்.

சமூகவியல் படித்தவர்கள் என்ற முறையில் இந்த முணுமுணுப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தோம். கூலி கேட்கக் கூடாத வேலை என்ற ஒன்றை நம் தலையில் கட்டியது எது? சாவுக்குப் பறையடி, செத்த மாட்டைத் தூக்கு, தகவல் சொல்ல ஓடு, அதெல்லாம் உன் கடமை, கொடுத்ததை வாங்கிக்கொள் என்று சொன்னது சாதி. கையின் வேலை வேண்டும், கையின் பெயர் வேண்டாம் என்பது அதன் ஏற்பாடு. அதை எதிர்த்துப் பறையைக் கீழே போட்டவர்கள் நம் பாட்டன்மார். அப்படியிருக்க, நம் பிள்ளை ஒருத்தி தன் கைவேலைக்கு விலை சொல்லும்போது நமக்கு ஏன் சுருக்கென்கிறது? ஊர் பேசிய மொழி நம் வாயிலும் தங்கியிருக்கிறது என்பதால்தான்.

அந்தத் தங்கையிடமே கணக்குக் கேட்டோம். ஏ4 அளவுப் பிரதி 350 ரூபாய் என்கிறார். தாளும் அச்சும், வளையாமல் போக அட்டைக்குழாய், கூரியர் எல்லாம் போக அவர் கையில் நிற்பது நூற்றுச் சொச்சம். பனியனிலும் கோப்பையிலும் அச்சிட்டு அனுப்பும் நிறுவனங்களிடம் கொடுத்தால் அலைச்சல் மிச்சம், பங்கு இன்னும் குறையும். ஐம்பது பிரதி மட்டும் என்று எண்ணிட்டு, பென்சிலால் கையெழுத்திட்டு விற்றால் விலை கூடும். திருட்டுக்குப் பயந்து தெளிவு குறைந்த படத்தைத்தான் பதிவேற்றுகிறார். அப்படியும் அவர் படம் முகம் தெரியாதவர்களின் பனியனில் வந்துவிட்டது.

சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவரே முதல் உரிமையாளர். காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியம் போன்ற சில விலக்குகள் உண்டு. காசே கொடுக்காத நமக்கு அந்த விலக்கும் பொருந்தாது. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் தன் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்கே விட்டுவைக்கிறது. ஆக, நாம் வெட்டியது ஓர் ஓரத்தை என்று நினைத்தோம். சட்டத்தின் கண்ணில் நாம் வெட்டியது ஓர் உரிமையை.

ஆனால் தங்கையிடமும் நமக்கு ஒரு கேள்வி இருந்தது. உன் பிரதியை யார் வாங்குகிறார்கள்? அவரே யோசித்துச் சொன்னார்: "பெரும்பாலும் பெங்களூரு, டெல்லி, வெளிநாடு. நம்ம தெருவுல யாரும் வாங்குனது இல்லண்ணே." வாங்குகிறவர்களில் நம் பிள்ளைகள் பலர் இருப்பார்கள், மகிழ்ச்சி. ஆனால் வாங்கும் வரவேற்பறைக்கு ஏற்ப நிறம் மெலிந்து, கோடு மெலிந்து, அண்ணலின் கோபம் அலங்காரமாகிவிடும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எமரிக்கு அந்த ஆபத்து இல்லாமல் போனதற்குக் காரணம், அவர் படத்தில் இருந்தவர்களே அவரிடம் வாங்கியவர்கள். அதற்கு அவர் மட்டும் காரணமில்லை. கால் டாலருக்கு அச்சிட்டு, ஆள் வைத்து, தெருத்தெருவாகக் கொண்டுபோன ஒரு கட்சி அவருக்குப் பின்னால் இருந்தது. தங்கைக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. அவர் கைபேசி மட்டும்தான் இருந்தது. தெருவுக்குக் கொண்டுபோக வேண்டிய வேலை நம்முடையது. அதைச் செய்யாத நாம், அவர் இணையத்தில் விற்பதைக் குறை சொல்ல வாயில்லாதவர்கள்.

கியூபாவும் ஓக்லாந்தும் படத்தைக் கைமாற்றிக்கொண்டதைச் சொன்னோம். அப்படியானால் இயக்கத்துக்குப் படம் இலவசமாகக் கூடாதா என்று கேட்கலாம். ஆகலாம். கொடுப்பவர் கொடுத்தால் ஆகலாம். கேட்காமல் எடுப்பது பகிர்வு ஆகாது. தோழமை என்பது கேட்பதில் தொடங்குகிறது.

மன்றத்தின் செயற்குழு கூடி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறது. இனி நம் மேடை, நூல், ஃப்ளெக்ஸ் எதில் படம் வந்தாலும் வரைந்தவர் பெயர் வரும். சன்மானம் சிறியதாக இருந்தாலும் முன்கூட்டியே பேசிக் கொடுக்கப்படும். போராட்டச் சுவரொட்டிக்கு இலவசமாகத் தருவதா என்பதை ஓவியரே சொல்வார். ஓவியர் தன் பிரதிகளை இணையத்திலோ வேறெங்கோ விற்கும் உரிமை முழுக்க அவருடையது. அதில் மன்றம் தலையிடாது.

இவற்றின் முதல் பலன் வாசலில் மேசையில் இருக்கிறது. அந்தத் தங்கை வரைந்த பன்னிரண்டு படங்களோடு அடுத்த ஆண்டுக் காலண்டர். விலை அறுபது ரூபாய். அவருக்கு ஒரு பங்கு, தெருவில் கொண்டுபோய் விற்கும் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு. கறுப்பும் நீலமும் என்று இரண்டே நிறம், செலவு குறைக்கத்தான். பின் அட்டையில் அண்ணனின் சுவர் இருக்கிறது. அந்த மூன்று புகைப்படங்களில் தோள்களுக்குப் பின்னால் மறைந்திருந்த முகத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து, கட்டம் போட்டுத் தங்கை மறுபடி வரைந்திருக்கிறார். கீழ் மூலையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று அவருடையது. மற்றொன்று, அழைப்பிதழைப் பார்த்து நீங்கள் யாரென்று கேட்ட அதே பெயர்.

வாங்கிக்கொண்டு போய் ஆணியில் மாட்டுங்கள். எந்த வீட்டில் எந்தச் சிறுவனோ சிறுமியோ அதைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறார் என்பது யாருக்குத் தெரியும்.

ஜெய்பீம்.